ஓர் அசை தள்ளி

எழுதிக்கொள்ளுங்கள்.
பேர் ஒத்தீலியா. விளக்கறையில் பதினேழு வருஷம்.
இறங்குகிறவன் பித்தளை வில்லையைத் தருவான்,
விளக்கை வாங்கிக்கொள்வான்.
ஏறியதும் விளக்கு எனக்கு, வில்லை அவனுக்கு.
ஆணியில் வில்லை தொங்கினால்
ஆள் இன்னும் பூமிக்கு அடியில்.
அவ்வளவுதான் என் கணக்கு.

நீங்கள் கேட்பது வேறு.
குழாயில் வந்தது பாறை முறிகிற ஓசை இல்லை, ஆள்தான் என்று
முதலில் சொன்னவள் நீதானே, எப்படி என்று.

ஐயா, வார்சாவிலிருந்து வந்திருக்கிறீர்கள்.
சுரங்கம் வேறு, ஊர் வேறு, பேச்சு ஒன்றுதான்.
தெரிந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்:
நம் பேர்களில் பாரம் எப்போதும்
கடைசிக்கு முந்தின அசையில் உட்காரும்.
தெ-யோ-ஃபில். யோவில் பாரம்.
அது கூப்பிடுகிறபோது.
ஆள் இல்லை என்று சொல்ல வேண்டுமானால்
பேர் ஆறாம் வேற்றுமைக்குப் போகும், வால் முளைக்கும்,
பாரம் எழுந்து ஓர் அசை தள்ளி உட்காரும்.
தெ-யோ-ஃபி-லா. இப்போது ஃபியில்.
'நியே மா தெயோஃபிலா.' தெயோஃபில் இல்லை.
பள்ளியில் இந்தப் பாடத்தில்தான் தோற்றேன்.

அவனுக்கு இது விளையாட்டு.
ஷிப்ட் முடிந்து, முகமெல்லாம் கரி,
ஜன்னலுக்குக் கீழே குனிந்து ஒளிந்துகொண்டு
விளக்கின் அடியால் பலகையைத் தட்டுவான்:
டம் த த த டம் த.
நியே மா தெயோஃபிலா.
யாரடா அது என்பேன்.
அவன்தான் இல்லையே என்று பதில் வரும்.
திட்டியிருக்கிறேன். பின்னால் நாற்பது பேர்,
குளியலறையில் வெந்நீர் தீர்ந்துகொண்டிருக்கும்.

பிப்ரவரி, செவ்வாய். இரண்டு வில்லைகள் மிஞ்சின.
போனில் மேலாளர், யார் யார்?
'நியே மா தெயோஃபிலா.
நியே மா ஹூபெர்த்தா.'
இத்தனை வருஷத்தில் அந்த வரியை
நான் சொன்னது அதுதான் முதல் தடவை.
வாய்க்குள் பாரம் நகர்ந்தது தெரிந்தது,
பல் ஆடுகிற மாதிரி.

மறுநாள் ராத்திரி மீட்புக்காரர்கள்
காற்றுக்குழாயில் காது வைத்துக் கிடந்தார்கள்.
போன் வழியாக மேலே எங்களுக்கும் கேட்டது.
பாறையும் தட்டும், ஐயா. நன்றாகவே தட்டும்.
இரண்டு. ஒன்பது. ஒன்றுமில்லை. பிறகு ஒன்று.
அதற்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை,
அதனால் சீர் பிரிக்கத் தெரியாது.
இஞ்சினியர் எண்ணிக்கொண்டே வந்து
பென்சிலைக் கீழே வைத்தார்.

அப்புறம்
டம் த த த டம் த.

சிரித்துவிட்டேன். அதையும் எழுதுங்கள்,
அந்தப் பெண் சிரித்தாள் என்று எப்படியும் யாராவது சொல்லியிருப்பார்கள்.
இல்லை இல்லை என்று ஒருவன் தட்டுகிறான்.
இல்லாதவனுக்கு ஏது இவ்வளவு கச்சிதம்?
தோண்டுங்கள் என்றேன்.
விளக்கறைக்காரி பேச்சைக் கேட்டுத் தோண்டினார்கள்.

முப்பத்தோரு மணி நேரம். ஸ்ட்ரெச்சரில் வந்தான்.
வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பேர் சொன்னேன்.
யோ தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

ஹூபெர்த் அதிகம் பேசாதவன்.
விளக்கை வைப்பான், தலையசைப்பான், போவான்.
குழாயில் அவனுடையது என்று எதுவும் வரவில்லை.
அல்லது வந்தது, நான் பாறை என்று எண்ணிவிட்டேன்.
இதை நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

வில்லையை வாங்க அவன் மனைவி லூசியா வந்தாள்.
படிவத்தில் ஒரு கட்டம்: யாருடையது?
நம் மொழியில்
'இல்லை'க்கும் 'இவனுடையது'க்கும் ஒரே வேற்றுமை.
ஹூபெர்த்தா என்று எழுதினாள்,
உதடு கூடவே அசைந்தது,
பெர்த்தில் பேனா கொஞ்சம் அழுந்தியது.
காகிதம் கிழியவில்லை.